சாட்ஸ்வொர்த் மொத்தக் கடையின் மாதக் கடைசி 'கோம்போ': வாங்கலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள மொத்த விற்பனைக் கடை ஒன்று, சம்பளம் கைக்கு வரும் மாதக் கடைசியில், 10 கிலோ அரிசி, 10 கிலோ மக்காச்சோள மாவு, 10 கிலோ கேக் மாவு (நைசான கோதுமை மாவு), 5 லிட்டர் சூரியகாந்தி எண்ணெய், 2.5 கிலோ சர்க்கரை ஆகியவற்றைச் சேர்த்து 'கோம்போ' என்ற பெயரில் விற்கிறது. நான் வாங்கியபோது விலை 549 ராண்ட். 2025 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்த, அப்போதைய குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 28.79 ராண்டை வைத்துப் பார்த்தால், இது ஏறத்தாழ 19 மணி நேர உழைப்பு. வாரம் ஐந்து நாளில் 45 மணி நேரம் வேலை பார்ப்பவருக்கு இரண்டு நாள் கூலிக்கும் சற்று அதிகம். அவ்வளவு உழைப்பைக் கொடுத்து வாங்கும் பொருள் எப்படியிருக்கிறது என்று பார்ப்பது நியாயம்.

கேக் மாவு நன்றாகவே இருந்தது. ரொட்டி மென்மையாக வந்தது. எண்ணெயிலும் குறையில்லை. அரிசிதான் ஏமாற்றம். விளம்பரத் தாளில் படம் போட்டிருந்த அரிசி தீர்ந்துவிட்டது என்று கூறி வேறொன்றைக் கொடுத்தார்கள். அதில் குருணை மிகுதி, சோறு குழைந்துவிடுகிறது. பணம் கட்டுவதற்கு முன்பே மூட்டையைப் பார்த்துக் கேட்பது நல்லது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் பொருளாதார நீதி மற்றும் கண்ணியக் குழு, 44 உணவுப் பொருள்களின் விலையை மாதந்தோறும் தொகுத்து வெளியிட்டு வருகிறது. பலரும் சேர்ந்து போகும் மினிபஸ் டாக்ஸிக் கட்டணமும் மின்சாரச் செலவும் முதலில் கழிந்துவிடுவதால் உணவுக்கு மிச்சப் பணமே கிடைக்கிறது என்பதையும், அந்த மிச்சத்தில் பெண்கள் வயிற்றை நிரப்பும் மாவு, அரிசி, எண்ணெய், சர்க்கரை போன்றவற்றையே முந்தி வாங்க, சத்துள்ள உணவு பின்னுக்குப் போய்விடுகிறது என்பதையும் அக்குழு தொடர்ந்து சுட்டிக்காட்டுகிறது. இந்தக் கோம்போ அந்த முதல் தேவைக்கு மட்டுமே செய்யப்பட்டது. பருப்பு இல்லை, ஷுகர் பீன்ஸ் (புள்ளியுள்ள காய்ந்த பீன்ஸ்) இல்லை, டின் மீன் இல்லை. வளரும் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை ஒரு மாத மளிகை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புரட்டாசியில் கவிச்சியை விலக்கும் குடும்பங்களுக்கோ பருப்பில்லாத பொதி பாதிப் பொதிதான்.

வரியையும் கவனிக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 15 சதவீத மதிப்புக் கூட்டு வரி அரிசிக்கும் மக்காச்சோள மாவுக்கும் தாவர எண்ணெய்க்கும் கிடையாது. 2019 ஏப்ரல் முதல் கேக் மாவுக்கும் கிடையாது. இந்த ஐந்தில் சர்க்கரைக்கு மட்டுமே வரி உண்டு. மசூர் பருப்பு, காய்ந்த பீன்ஸ், டின்னில் வரும் பில்சார்டு (மத்தி வகை) மீன் ஆகியவற்றுக்கும் வரி இல்லை என்பதால், சர்க்கரையை எடுத்துவிட்டு அவற்றில் ஒன்றையாவது சேர்ப்பது கடைக்காரருக்குப் பெரிய சுமையாகாது. மேலாளரிடம் இதைக் கேட்டேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், உறுதி எதுவும் தரவில்லை.

முப்பத்தேழு கிலோவுக்கும் அதிகமான இந்தச் சுமையை மினிபஸ் டாக்ஸியில் ஏற்றிச் செல்வது கடினம். வீட்டில் கொண்டுவந்து தருவதற்குக் கடை தனிக் கட்டணம் கேட்கிறது. தனியொரு குடும்பம் அதைக் கட்டினால் கோம்போவில் மிஞ்சிய காசில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். பக்கத்து வீட்டாருடன் சேர்ந்து ஒரே நடையில் வரவழைத்துக் கட்டணத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம். ஐந்தாறு பேர் உண்ணும் வீட்டுக்கு, அரிசியைச் சரிபார்த்த பிறகு, இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இருவர் மட்டும் உள்ள வீட்டில் 10 கிலோ மாவு தீருமுன் வண்டு வைத்துவிடும். அவர்கள் அரிசியையும் எண்ணெயையும் தனித்தனியாக வாங்கி, மீதிப் பணத்தைப் பருப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.