லெதர் சூட்டும் அதன் ஜிப்பும்: முதல் ட்ராக் டேக்குத் தயாராகிறவர்களுக்கு

காட்பாடியில் இருக்கும் என் சித்தப்பா மகன், சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதையில் நடக்கவிருக்கும் ட்ராக் டே ஒன்றுக்கு, அதாவது சொந்த பைக்கைப் பந்தயப் பாதையில் ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு, முதன்முறையாகப் பெயர் கொடுத்திருக்கிறான். பைக் ஓட்டும்போது நான் சில ஆண்டுகளாக அணிந்துவரும், கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே உடையான ஒன்-பீஸ் லெதர் சூட்டின் விலை கடையில் இப்போது கணிசமாகக் குறைந்திருப்பதால் அதே மாடலையே புதிதாக வாங்கிவிடலாமா என்று கேட்டான். அந்த சூட் ஆம்பூரில் பழுது பார்க்கப்பட்டு என் கைக்குத் திரும்பி அதிக நாள் ஆகவில்லை என்பதால், அவனுக்குச் சொன்ன பதிலையே இங்கே விரிவாக எழுதுகிறேன். தயாரித்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. இதே குறை வேறு சூட்களிலும் இருக்கக்கூடும் என்பதால், வாங்குமுன் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்வதுதான் பயன்படும்.

வண்டியைத் தயார் செய்வது பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. கண்ணாடிகளைக் கழற்றுவது, விளக்குகளின் மேல் டேப் ஒட்டுவது, பிரேக் பேடின் கனம், பிரேக் ஃப்ளூயிட், செயினின் தொய்வு, டயரின் காற்று ஆகியவற்றைப் பார்ப்பது எல்லாம் நல்ல மெக்கானிக் ஒருவர் அரை நாளில் முடித்துத் தரக்கூடிய வேலைகள். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்டை வடித்துவிட்டு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டும் என்பதை மட்டும் பலர் அலட்சியம் செய்கிறார்கள். தண்ணீர் சிந்தினால் வெயிலில் சற்று நேரத்தில் காய்ந்துவிடும். கூலன்டில் இருக்கும் கிளைக்காலோ எளிதில் உலராமல் தார்ப்பரப்பின் மேல் வழுக்கும் படலமாகத் தங்கிவிடும். முன்னால் சென்ற ஒருவருடைய வண்டியிலிருந்து அப்படிச் சிந்திய கூலன்டில்தான் என் முன் டயர் ஒருமுறை பிடிப்பை இழந்தது. இந்த சூட்டின் தோலைப் பற்றி நான் சொல்லும் நல்ல வார்த்தைகள் எல்லாம் அந்த விழுகையிலிருந்து வந்தவை.

வலது முழங்கையும் தோளும் இடுப்பும் தரையில் உரச, பாதையைத் தாண்டி மண் வரை சறுக்கிச் சென்றேன். எழுந்து பார்த்தபோது முழங்கைப் பகுதியில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புச் சாயமும் மேல்தோலும் தேய்ந்துபோய், குரோம் பதனிட்ட தோலின் உட்பகுதிக்கே உரிய வெளிறிய நீலம் தெரிந்தது. தோல் கிழியவில்லை, தையல் ஓரிடத்திலும் பிரியவில்லை, உள்ளே என் கையில் ஒரு சிராய்ப்பும் இல்லை. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் பதனிடும் டேனரிகள் சூழ்ந்த பகுதியில் வளர்ந்தவன் என்பதால் தோலைத் தொட்டுப் பார்த்து மதிப்பிடும் பழக்கம் எனக்குச் சிறுவயதிலிருந்தே உண்டு. ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோல் விறைப்பாக நிற்கும். குரோமில் பதனிட்டது வளைந்து கொடுக்கும், வெப்பத்தையும் தாங்கும். 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள இந்த மாட்டுத்தோலைக் கட்டைவிரலால் அழுத்தினால் மெல்லிய சுருக்கங்கள் ஒரே சீராக எழுந்து, விரலை எடுத்ததும் அடங்கும். விலை அதிகமான கங்காரு தோல் இன்னும் மெல்லியதாகவும் அதற்கேற்ற வலிமையோடும் இருக்கும் என்பது உண்மைதான். ஆயினும் முதல் ட்ராக் டேக்குப் போகிறவருக்கு நல்ல மாட்டுத்தோலே தாராளமாகப் போதும். தோலைத் தேர்ந்தெடுத்தவரும் வெட்டியவரும் தைத்தவரும் தங்கள் வேலையை அறிந்தவர்கள் என்று அன்று மனதார நினைத்தேன். இன்றும் அப்படியே நினைக்கிறேன்.

இவ்வளவு நல்ல தோலின் நடுவே, தொண்டையிலிருந்து தொடையிடுக்கு வரை இறங்கும் முன்பக்க ஜிப் தொடக்கத்திலிருந்தே என்னைப் படாதபாடு படுத்தியது. சாதாரண ஜாக்கெட்டின் ஜிப்பைப் போல இதை எண்ணிவிடக் கூடாது. ஒன்-பீஸ் சூட் என்பது வண்டியின் மேல் குனிந்து படுத்திருக்கும் உடம்புக்காக வெட்டப்பட்டது. நிமிர்ந்து நின்றால் தோளிலிருந்து கவடு வரை தோல் இறுகி, அந்த இழுவிசை பெரும்பாலும் ஜிப்பின் பற்களின் மேல் விழுகிறது. இருங்காட்டுக்கோட்டைப் பாதை 3.7 கிலோமீட்டர் நீளம் கொண்டது. புதியவர் ஒருவர் அதை ஒருமுறை சுற்றிவர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். நேர்ப்பாதையில் டேங்க்கின் மேல் படுப்பதும், பிரேக் பிடிக்கும்போது நிமிர்வதும், வளைவில் ஒரு பக்கமாகச் சரிந்து தொங்குவதுமாக, பாதையில் இறங்கி ஓட்டும் ஒரு செஷன் முழுவதும் ஜிப் மடங்கியும் நிமிர்ந்தும் வேலை செய்கிறது. அதோடு வியர்வையின் உப்பு, பற்களைக் கோத்தும் பிரித்தும் ஏறி இறங்கும் ரன்னருக்குள் இறங்கி உலர்ந்து, உலோகத்தை அரிக்கத் தொடங்குகிறது.

ஒரு மே மாதத்தில், கத்திரி வெயில் உச்சியில் இருந்த நேரம், செஷன் முடிந்து, பாதையோரம் வண்டிகளை நிறுத்தும் பிட்டுக்குத் திரும்பிய என்னால் ஜிப்பைத் திறக்க முடியவில்லை. தொண்டையிலிருந்து ஒரு சாண் இறங்கிய ரன்னர் நெஞ்சுக்குக் கீழே வந்ததும் நின்றுவிட்டது. மேலேயும் ஏறவில்லை, கீழேயும் இறங்கவில்லை. ஹெல்மெட்டையும் கையுறைகளையும் கழற்றிவிட்டேன், ஆனால் உடம்பு முழுவதும் கறுப்புத் தோலுக்குள் இருந்தது. ஓட்டும்போது துளைகள் வழியே புகும் காற்று நின்றுவிட்டால், லெதர் சூட்டுக்குள் வியர்வை ஆவியாக வழியில்லை. உடம்பின் சூடு வெளியேற வேறு பாதையும் இல்லை. நண்பர் ஒருவர் கட்டிங் பிளேயரால் ரன்னரைப் பிடித்து இழுக்க, இன்னொருவர் கழுத்து வழியே தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். காதுக்குள் இரைச்சல் கேட்கத் தொடங்கிய பிறகுதான் ரன்னர் நகர்ந்தது. விழும்போது காக்க வேண்டிய ஓர் உடை, விழாமல் பத்திரமாகத் திரும்பி வந்தவனை அந்த நிலைக்குக் கொண்டுபோய்விட்டதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

விற்றவர்களிடம் அனுப்பினேன். அவர்கள் மரியாதையாகப் பேசினார்கள், கூரியர் செலவையும் ஏற்றுக்கொண்டார்கள். நியாயமாக அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் ரன்னரை மட்டும் மாற்றித் திருப்பி அனுப்பினார்கள். சில மாதங்களில் அதே இடத்தில் மறுபடியும் சிக்கியது, மறுபடியும் அனுப்பினேன், மறுபடியும் புது ரன்னரோடு வந்தது. உத்தரவாதக் காலம் இப்படியே கழிந்தது. ஏன் சிக்குகிறது என்று ஒருவரும் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

கடைசியில் ஆம்பூரில் ஷூ கம்பெனிகளுக்கு அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைத்துக் கொடுக்கும் ஒரு பாயிடம் கொண்டுபோனேன். அவர் ரன்னரைத் தொடவே இல்லை. ஜிப்பின் உள்பக்கத்தைத் திருப்பி, பற்களுக்குப் பின்னால் காற்றைத் தடுப்பதற்காக வைத்திருக்கும் மடிப்பை நகத்தால் நீவிப் பார்த்தார். "இந்த மடிப்ப ரெண்டு நூல் தள்ளி அடிச்சிருந்தா இந்த வம்பே இல்ல தம்பி. ரன்னர் மேல குத்தமில்ல," என்றார். நெஞ்சுப் பகுதியில் தோல் மடங்கும்போது அந்த மடிப்பின் விளிம்பு பற்களின் மேல் ஏறி ரன்னருக்குள் நுழைகிறது என்பதை, சூட்டை வளைத்துப் பிடித்து எனக்குக் காட்டினார். இரண்டு நூல் என்றால் கால் அங்குலம். அவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய சூட்டின் நோய் அந்தக் கால் அங்குலத்தில்தான் இருந்தது.

பழைய தையலை அவர் பிளேடு முனையால் ஒவ்வொரு கண்ணியாக அறுத்தார். துணியைப் போலத் தோல் ஊசித் துளையை மூடிக்கொள்ளாது. பழைய துளைகளுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு வரிசை குத்தினால், அந்தக் கோட்டோடு தோல் கிழிந்துவிடக்கூடும். ஆகவே தோலில் ஜிப்பைத் தைக்கும்போது மெஷினின் மோட்டாரை நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி, பழைய துளை ஒவ்வொன்றிலும் ஊசி சரியாக இறங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துத் தைத்தார். கனமான பற்கள் கொண்ட ஒய்கேகே ஜிப் ஒன்றை நானே வாங்கிக் கொடுத்திருந்தேன். மடிப்பை உள்ளே தள்ளி, அதன் ஓரத்தைச் சீவி மெலிதாக்கி, பற்களின் மேல் மெழுகு தேய்த்து முடித்தார். அதன் பிறகு ஜிப் ஒரே இழுப்பில் திறக்கிறது. கையுறையோடு இழுத்தாலும் திறக்கிறது.

புதிதாக வாங்குகிறவர்கள் கடையில் தோலையும் தையலையும், வளைவில் தரையில் உரசுவதற்காக முழங்காலில் பொருத்தும் ஸ்லைடரையும் பார்க்கிறார்கள். முதுகுப் பாதுகாப்பில் லெவல் 2 என்று இருக்கிறதா, சூட்டின் மேல் ஏஏஏ என்று சான்று இருக்கிறதா என்று உயர்ந்த பாதுகாப்புத் தரத்தைக் குறிக்கும் அடையாளங்களைக் கேட்கிறார்கள். அவை அவசியமானவையே. அவற்றோடு, சூட்டை அணிந்து, ஜிப்பை முழுவதும் ஏற்றி, ஒரு நாற்காலியில் வண்டியோட்டும் நிலையில் குனிந்து உட்கார்ந்து பத்து நிமிடம் இருங்கள். பிறகு கையுறையோடு, ஒரே கையால், நெஞ்சை நிமிர்த்தாமல் ஜிப்பைத் திறந்து பாருங்கள். மணிக்கட்டு ஜிப்புகளையும் கெண்டைக்கால் ஜிப்புகளையும் அதேபோலச் சோதியுங்கள். பற்களுக்கும் உள்மடிப்புக்கும் இடையில் சுண்டுவிரல் நுனியாவது நுழையாவிட்டால் அந்த சூட்டை வாங்காதீர்கள். வாங்கிய பிறகு உள்ளே வியர்வையை வாங்கிக்கொள்ளும் மெல்லிய இன்னர் அணியாமல் சூட்டைப் போடாதீர்கள். ஓட்டி முடித்ததும் ஜிப்பின் பற்களை ஈரத்துணியால் துடைத்து உப்பை எடுத்துவிடுங்கள். சூட்டை நிழலில் விரித்துக் காயவையுங்கள். வேலூர் வெயிலில் மொட்டை மாடியில் ஒரு பகல் காய்ந்தால் எப்படிப்பட்ட தோலும் விறைத்துவிடும்.

ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தால் இந்த சூட் நல்ல மதிப்பெண் பெற வேண்டும். தோல் முதல் தரம், தையல் முதல் தரம், விழுந்தபோது என் கையைக் காப்பாற்றியது, இப்போது ஜிப்பும் சரியாகிவிட்டது. அடுத்த ட்ராக் டேக்கும் இதைத்தான் அணிவேன். யாருக்கும் விற்கப் போவதில்லை. ஆனாலும் தம்பிக்கு இதை வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். முதல் முறை ட்ராக்கில் இறங்குகிறவனுக்குக் கொடிகளின் பொருள், பிரேக் பிடிக்கும் இடம், பின்னால் வருகிறவர்களின் வேகம் என்று நினைவில் வைக்க நிறைய இருக்கிறது. நெஞ்சில் இருக்கும் ஒரு ரன்னரைப் பற்றிய பயமும் அதோடு சேர வேண்டாம். இடுப்பைச் சுற்றி முழுவதுமாக இணையும் ஜிப் உள்ள டூ-பீஸ் சூட்டை ஏற்பாட்டாளர்கள் அனுமதிக்கிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். அனுமதித்தால், செஷன்களுக்கு இடையில் மேல்பாதியைக் கழற்றி வைத்துவிட்டு நிழலில் உட்காரலாம். விலையை இன்னும் பாதியாகக் குறைத்தாலும், அந்த மடிப்பை இரண்டு நூல் தள்ளித் தைக்காத வரை என் பதில் மாறாது.