ஒசாகாவா, ஹகாட்டாவா, ட்சுகாருவா? தமிழ் நாக்குக்கு எந்த ஜப்பானியம் ஒத்துவரும்?

ஃபுகுவோகாவில் ஒரு கூட்டம் முடிந்ததும், அங்கிருந்த பெரியவர் ஒருவர் மடக்கு நாற்காலியைக் காட்டி அதை 'நவோஸு' செய்துவிடச் சொன்னார். நான் படித்த ஜப்பானியத்தில் நவோஸு என்றால் பழுது பார்ப்பது. நாற்காலியைத் தலைகீழாகப் புரட்டி, எந்தத் திருகு கழன்றிருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன். அவர் சொன்னதோ, மடக்கி உள்ளே எடுத்து வை என்று. மேற்கு ஜப்பானில் பல இடங்களில் அந்தச் சொல்லுக்கு இந்தப் பொருளும் உண்டு. ஒசாகாவில் இருந்திருந்தாலும் இதே கூத்துதான் நடந்திருக்கும்.

ஜே.எல்.பி.டி. என்னும் ஜப்பானியத் திறன் தேர்வில் இதெல்லாம் வராது. அங்கே டோக்கியோப் பேச்சை ஒட்டிய பொதுமொழி மட்டும்தான். எனவே அதன் நடு நிலையான என்-3 தாண்டாதவர்கள் வட்டார வழக்கின் பக்கம் வரவே வேண்டாம் என்பது என் கருத்து. அதைத் தாண்டியபின் 'எந்த வழக்கைப் பழகலாம்?' என்று கேட்டால், பத்தில் ஒன்பது பேர் யோசிக்காமல் ஒசாகா என்பார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை.

ஒசாகாவைச் சொல்லக் காரணம், கேட்கவும் பார்க்கவும் நிறையக் கிடைப்பதுதான். 1912-ல் ஒசாகாவில் தொடங்கிய யோஷிமோட்டோ நிறுவனம், மன்ஸாய் என்னும் இருவர் நகைச்சுவையை நாடு முழுக்கக் கொண்டுபோனது. பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.ஹெச்.கே.யின் காலைத் தொடர்களில் ஆண்டுக்குப் பாதி ஒசாகா நிலையத்தின் தயாரிப்பு. பாடநூல்களும் உண்டு. தொடக்கமும் சுலபம்: 'தா' என்று முடிகிற இடத்தில் 'யா', 'நய்' வரும் இடத்தில் 'ஹென்', 'கூடாது' என்னும் 'தமே'வுக்கு 'அகான்', 'நிஜம்' என்னும் 'ஹோந்தோ'வுக்கு 'ஹோன்மா'. ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம்.

நமக்குப் பிடித்துப்போகும் ஒரு சொல்லும் உண்டு. 'ஜிபுன்' என்றால் பொதுமொழியில் 'தான்'. ஒசாகாக்காரர் நண்பனைப் பார்த்து 'ஜிபுன்' என்றால் 'நீ'. நம் 'தான்' என்பதிலிருந்து 'தாங்கள்' முன்னிலைக்கு வந்த அதே வழி. ஆனால் நம்முடையது மரியாதை, அவர்களுடையது உரிமை. மேலாளரிடம் சொல்லிவிடாதீர்கள். 'அஹோ', 'பாகா' என்ற இரண்டு வசவுகளும் இப்படித்தான் இடம் மாறும். ஒசாகாவில் 'அஹோ' செல்லத் திட்டு, 'பாகா' சுடும். டோக்கியோவில் 'பாகா'தான் சாதாரணம், 'அஹோ' என்றால் முகம் சுருங்கும்.

சிக்கல் சொற்களில் இல்லை, சுருதியில் இருக்கிறது. 'ஹஷி' என்ற சொல்லில் முதல் அசையை உயர்த்தினால் டோக்கியோவில் சாப்பிடும் குச்சி. இரண்டாவதை உயர்த்தினால் பாலம். ஒசாகாவில் அப்படியே தலைகீழ். ஒரு சொல் அல்ல, மொழி முழுக்கவே இந்த ஏற்ற இறக்கம் வேறு. அகராதிகள் பெரும்பாலும் டோக்கியோ சுருதியைத்தான் காட்டும். நம் மொழியில் சுருதியால் சொல்லின் பொருள் மாறுவதில்லை, எனவே ஒரு சுருதியைப் பிடிக்கவே நாக்குத் தள்ளிவிடுகிறது. அதைக் கலைத்துவிட்டு இன்னொன்றா? சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு டோக்கியோ சுருதியில் பேசினால் அதற்கு 'எஸே கன்சாய்-பென்', அதாவது போலிக் கன்சாய் என்று பெயர். கன்சாய் என்பது ஒசாகா, கியோட்டோ, கோபே அடங்கிய பகுதி, 'பென்' என்றால் வட்டார வழக்கு. வெளிநாட்டவர் என்றால் சிரித்து விட்டுவிடுவார்கள். டோக்கியோக்காரர் செய்தால் எரிச்சல் வரும்.

இன்னொன்று, கன்சாய் ஒன்றல்ல. 'வரமாட்டார்' என்பதற்கு ஒசாகாவில் 'கேஹென்', கியோட்டோவில் 'கீஹின்', கோபேயில் 'கோஹென்'. மற்ற இரண்டு ஊரும் ஒசாகாவிலிருந்து அரை மணி நேர ரயில் பயணத்தில் இருக்கின்றன. 'இகேஹென்' என்பதைப் பழைய ஒசாகாக்காரர் 'போகமாட்டேன்' என்ற பொருளில் சொல்வார், கியோட்டோக்காரருக்கு அது 'போக முடியாது'. அப்புறம் மரியாதை விகுதி 'ஹரு'. ஒசாகாவிலும் உண்டு. கியோட்டோவிலோ குழந்தை அழுதாலும் அதைச் சேர்ப்பார்கள். 'பாப்பா அழறாங்க பாரு' என்று நாம் கொஞ்சுவதுபோல.

ஒசாகாவை, ஆக, காதுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கு வேண்டாம்.

வடக்கே அவோமோரி மாகாணத்தின் மேற்குப் பகுதியில், ஹிரோசாகியைச் சுற்றிப் பேசப்படுவது ட்சுகாரு-பென். தொலைக்காட்சியில் முதியவர் ஒருவர் இதைப் பேசினால் கீழே பொதுமொழியில் எழுத்து ஓடும், ஜப்பானியர்களுக்காகவே. 'தோஸா?' 'யுஸா.' எங்கே போகிறாய், குளியலுக்கு. உரையாடல் முடிந்தது. 'கு' என்றால் சாப்பிடுவேன், 'கெ' என்றால் சாப்பிடு. 'வா' என்றால் நான், 'நா' என்றால் நீ! தமிழனைத் திணறடிக்கவே செய்ததுபோல இருக்கிறது. குளிரில் வாயைத் திறக்கச் சோம்பல்பட்டுச் சுருக்கிவிட்டார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள், நான் நம்பவில்லை.

ஒலியில் மட்டும் நாம் ட்சுகாருவின் உறவுக்காரர்கள். 'அக்கா'வில் வரும் க-வும் 'நகம்' என்பதில் வரும் க-வும் நமக்கு ஒன்றல்ல. உயிர்களுக்கு நடுவே ஒற்றையாக வந்தால் தானாகக் குழைந்துவிடும். பொதுமொழி பேசும்போது இந்தப் பழக்கம்தான் நம்மைக் காட்டிக்கொடுக்கிறது. 'வதாஷி'யின் நடு எழுத்தை நாம் 'பதம்' சொல்வதுபோல மென்மையாகச் சொல்லிவிடுகிறோம், ஆசிரியர் திருத்திக்கொண்டே இருப்பார். ட்சுகாருவில் திருத்தவே வேண்டாம். அங்கும் சொல்லின் நடுவில் வரும் க, த இரண்டும் குழையும். ஆனால் ஷி-யும் ஸு-வும், சி-யும் ட்சு-வும் ஒன்றாகக் கலந்துவிடுவதால் காதுக்கு எதுவும் பிடிபடாது. அதே மாகாணத்தின் கிழக்கே போனால் பேச்சு நம்பு-பென் ஆகிவிடுகிறது. அங்கேயே குடியிருக்கப் போகிறவர் தவிர வேறு யாருக்கும் ட்சுகாருவைச் சொல்லமாட்டேன்.

ஒகினாவாவை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். அது வட்டார வழக்கே அல்ல, தனி மொழி. 2009-ல் யுனெஸ்கோ வெளியிட்ட அழியும் மொழிகளின் பட்டியலில் ஒகினாவா, மியாகோ, யயேயாமா, யோனாகுனி என்று அந்தத் தீவுகளின் மொழிகள் தனித்தனியாக இடம்பெற்றன. பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் தண்டனைப் பலகை மாட்டிய ஊர் அது. போகிற போக்கில் ஒசாகாவோடு ஒப்பிடுவது நியாயமாகாது.

சரி, ஹகாட்டா. ஃபுகுவோகா நகரின் பேச்சு இது. 1889-ல் வணிக ஊரான ஹகாட்டாவும் கோட்டை ஊரான ஃபுகுவோகாவும் ஒரே நகராட்சியானபோது நகருக்கு ஃபுகுவோகா என்ற பெயரும், ரயில் நிலையத்துக்கு ஹகாட்டா என்ற பெயரும் கிடைத்தன. பேச்சு ஹகாட்டா பக்கம் நின்றுவிட்டது. இங்கே சுருதி டோக்கியோ வகையைச் சேர்ந்தது. சில இடங்களில் மாறும் என்றாலும், ஒசாகாவைப்போல எல்லாவற்றையும் கவிழ்த்துப்போடாது. முதல் நிம்மதி இதுதான்.

அடுத்தது இலக்கணம். 'மழை பெய்துகொண்டிருக்கிறது', 'மழை பெய்திருக்கிறது' என்பதை நாம் ஒருநாளும் குழப்புவதில்லை. முதலாவதற்குக் குடை வேண்டும், இரண்டாவதற்குத் தரை ஈரம். பொதுமொழியில் இரண்டுக்கும் 'ஃபுத்தெ இரு' ஒன்றே, சூழலை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். ஹகாட்டாவில் முதலாவது 'ஃபுரியோ', இரண்டாவது 'ஃபுத்தோ'. வகுப்பில் மாதக்கணக்கில் குழம்பிய விஷயம் ஐந்தே நிமிடத்தில் தெளிந்தது. இளையவர்கள் பேச்சில் இந்த வேறுபாடு மங்கிவருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வருவதும் போவதும் இன்னும் சுவை. தொலைபேசியில் நண்பர் காத்திருக்கிறார், நாம் 'இதோ வர்றேன்' என்போம். பொதுமொழியில் 'வருகிறேன்' தவறு, 'இகு', அதாவது 'போகிறேன்' என்றுதான் சொல்ல வேண்டும். ஹகாட்டாவில் 'இமாகரா குரு கென்', இப்போதே வருகிறேன். வருதலும் தருதலும் பேசுபவரையும் கேட்பவரையும் நோக்கியவை, செல்லுதலும் கொடுத்தலும் மூன்றாமவருக்கு உரியவை என்று தொல்காப்பியம் வகுத்த கணக்குக்கு ஃபுகுவோகா இருக்கும் க்யூஷு தீவின் 'குரு' அச்சாகப் பொருந்துகிறது. டோக்கியோ பொருந்தாது.

பொறிகளும் உண்டு. நொதித்த சோயாவான நத்தோவைப் பற்றி 'நத்தோ தபெகிரான்' என்று சொன்னால் பொதுமொழிக் காதுக்கு 'முழுதாகத் தின்று முடிக்கவில்லை' என்பதுபோல ஒலிக்கும். இங்கே 'எனக்கு அதைச் சாப்பிட வராது' என்று பொருள். 'நல்லது' என்பதற்குப் புத்தகங்கள் சொல்லும் 'யொகா'வை இளையவரிடம் சொன்னால் சில வேளை தாத்தாவைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். ஒசாகாவோடு ஒப்பிட்டால் பாடநூல்களும் குறைவு. அலுவலக மின்னஞ்சலில் இதில் எதையும் எழுதக்கூடாது. அது எந்த வழக்குக்கும் உள்ள கட்டுப்பாடுதான்.

புத்தகம் குறைவு என்பதற்கு ஊரே மாற்று வைத்திருக்கிறது. இருட்டியதும் நகாசுவிலும் தென்ஜினிலும் 'யாதாய்' என்னும் தெருவோரக் கடைகள் விரியும். ஒரு கடையில் எட்டுப் பத்துப் பேர் தோளோடு தோள் இடித்து உட்காரலாம், அவ்வளவுதான் இடம். காலியாக இருக்கும் இருக்கையைக் காட்டிப் பக்கத்தில் இருப்பவரிடம் 'கொகோ, தொத்தோ தோ?' என்று கேளுங்கள். இங்கே யாராவது இடம் பிடித்து வைத்திருக்கிறார்களா என்பதற்கு ஹகாட்டாக்காரர்கள் கேட்பது இதுதான். இடம் கிடைக்கிறதோ இல்லையோ, அவர் உங்கள் உச்சரிப்பைத் திருத்தத் தொடங்கியிருப்பார்.