மாருதி 800 கதவில் ஃபைபர் ஸ்பீக்கர் பேனல்: ஆறு மழைக்காலங்களுக்குப் பிறகு

என்னுடைய வண்டி 1999 ஆம் ஆண்டு மாருதி 800. அதன் முன்கதவுகளில் ஸ்பீக்கருக்கென்று ஒதுக்கிய இடம் எதுவும் இல்லை. ரெக்சின் ஒட்டிய மெல்லிய அட்டைப் பேடு மட்டும்தான். ஆகவே அன்றைய வழக்கப்படி பின்சீட்டுக்குப் பின்னால் உள்ள டிரேயை வெட்டி, 6க்கு 9 அங்குல ஓவல் ஸ்பீக்கர்கள் இரண்டைப் பொருத்தி, இருபது ஆண்டுகள் பாட்டைப் பிடரியால் கேட்டுக்கொண்டிருந்தேன். கச்சேரிப் பதிவைப் போட்டால் பாடகர் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பார். மிருதங்கத்தின் வலந்தலைச் (வலப்பக்கத்துச்) சொற்கள் ஓரளவு தெளிவாகக் கேட்கும். தொப்பி எனப்படும் இடப்பக்கத்து நாதமோ டிரே பலகையின் அதிர்வோடு கலந்து தகர டப்பாவைத் தட்டுவதுபோல் ஒலிக்கும். 2019 ஜனவரியில் முன்கதவுகள் இரண்டுக்கும் ஃபைபர் கிளாஸில் பேனல் செய்து, ஆறரை அங்குல ஸ்பீக்கர்களை முன்னால் கொண்டுவந்தேன். இத்தகைய பேனல்களைச் செய்து முடித்த மறுநாள் எடுத்த பளபளப்பான படங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. சென்னையில் தெருவோரத்தில் நிற்கும் ஒரு வண்டியில் ஆறு கோடைக்கும் ஆறு மழைக்கும் பிறகு அவை என்னவாகின்றன என்பதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

ஃபைபர் வரை போனதற்குக் காரணம் அழகு அல்ல, ஆழம். 800-இன் கதவு ஒல்லியானது. கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு உள்தகட்டுக்கும் கண்ணாடிக்கும் இடையே நான் அளந்தபோது 40 மி.மீ. கூடத் தேறவில்லை, நான் வாங்கியிருந்த ஸ்பீக்கருக்கு 62 மி.மீ. ஆழம் தேவைப்பட்டது. மீதியைக் கதவுக்கு வெளியே, அதாவது வண்டிக்கு உள்ளே, புடைத்து நிற்கும் ஒரு கூட்டில்தான் தேட வேண்டும். மரத்தில் செய்தால் அந்தக் கூடு பெட்டிபோல் துருத்திக்கொண்டு காலில் இடிக்கும். கதவின் வளைவோடு ஒட்டி எழும்பி, ஸ்பீக்கரைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்துப் பிடிக்கும் வடிவத்தை வீட்டு மொட்டைமாடியிலேயே செய்துகொள்ள ஃபைபரைவிட எளிய பொருள் எனக்குத் தெரியவில்லை.

வேலையை நான் கற்றுக்கொண்டது கார் ஆடியோ கடையில் அல்ல, சென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில் ஃபைபர் படகுகளைப் பழுது பார்க்கும் ஒருவரிடம். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்களின் இடத்தை ஃபைபர் படகுகள் பெருமளவு பிடித்துக்கொண்டதால் அந்தக் கரையில் ரெசின் (இறுகிக் கெட்டியாகும் பிசின் திரவம்) கலக்கத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. பாலியஸ்டர் ரெசின், அதை இறுகச் செய்யும் ஹார்ட்னர், அந்த இறுகலை வேகப்படுத்தும் கோபால்ட், சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள (450 ஜி.எஸ்.எம்.) கண்ணாடி இழை விரிப்பான கிளாஸ் மேட் ஆகிய நான்கும்தான் சரக்கு. மேட் ஒரு அடுக்கு ரெசினில் ஊறிக் காய்ந்தால் ஏறக்குறைய ஒரு மி.மீ. கனம் வரும் என்றும், மேட்டின் எடையைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் போதும் என்றும், அதற்கு மேல் ஊற்றினால் பலம் கூடாமல் எடைதான் கூடும் என்றும் அவர் சொன்னார். ஆனால் திரும்பத் திரும்பச் சொன்னது வேறொன்று: “தம்பி, கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் ஒண்ணா ஊத்திடாத, தீப்பிடிச்சிடும். முதல்ல ரெசின்ல கோபால்ட்ட போட்டு நல்லா கலக்கு. அப்புறம்தான் ஹார்ட்னர்.” ஹார்ட்னர் என்று கடையில் கொடுப்பது எம்.இ.கே.பி. என்ற பெராக்சைடு. அதில் கோபால்ட் நேராகப் பட்டால் வெடிப்பதுபோல் சிதைந்து எரியும். ஆகவே இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்சு, தனித்தனி தட்டு வைத்துக்கொண்டேன். ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவிக்குத் துணி முகமூடி பயன்படாது. கரி வடிகட்டி பொருத்திய மாஸ்க் வேண்டும். அறைக்குள் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

அசல் டோர் பேடுகளைத் தொட மனம் வராமல் பழைய வண்டி உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழைய ஜோடி ஒன்றை வாங்கினேன். அதன் மேல் பழுப்பு நிறப் பேக்கிங் டேப்பை இடைவெளியின்றி ஒட்டி, இரண்டு அடுக்கு மேட் போட்டு, காய்ந்ததும் பிரித்தெடுத்தால் பேடின் வளைவை அப்படியே வாங்கிய அடித்தட்டு கிடைத்துவிடுகிறது; அந்த டேப்பில் ரெசின் ஒட்டாது. ஸ்பீக்கர் உட்காரும் வளையத்தை நான்கு மரக்குச்சிகளால் தூக்கிப் பதினைந்து டிகிரி அளவுக்குச் சாய்த்து நிறுத்தி, அதன் மேல் பனியன் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டி, ரெசின் பூசினேன். துணி விறைத்தபின் உட்புறமிருந்து மூன்று அடுக்கு மேட். இந்த இடத்தில் அவசரம் கூடாது. மேட்டின் அடியில் காற்று முத்து முத்தாக நிற்கும். பிரஷ்ஷின் நுனியால் ஒவ்வொன்றையும் குத்திக் குத்தி ஓரத்துக்குத் தள்ள வேண்டும். வெள்ளையாகத் தெரியும் மேட் ரெசின் முழுமையாக ஊறும்போது கண்ணாடிபோல் மறையும். எங்கே வெள்ளை மிஞ்சுகிறதோ அங்கே காற்று இருக்கிறது, அங்கேதான் பின்னால் விரிசல் விழும்.

முதல் பேனலைத் தூக்கி எறிந்தேன். கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடி பேனலில் இடிக்காமல் முழு வட்டம் சுற்றுகிறதா என்று அட்டை மாதிரியில் சரிபார்த்திருந்தேன். அந்தக் கைப்பிடியைப் பிடித்திருக்கும் கையைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன். ஒவ்வொரு சுற்றிலும் விரல் முட்டி பேனலின் உச்சியில் உரசித் தோல் சிராய்ந்தது. இரண்டாவதை 25 மி.மீ. முன்னால் தள்ளி அமைத்தபோது, கதவைச் சாத்துகையில் அது டேஷ்போர்டின் ஓரத்தில் இடிக்குமோ என்ற அடுத்த கவலை வந்தது. களிமண் உருண்டை ஒன்றை அந்த இடத்தில் ஒட்டிக் கதவைச் சாத்தி, அது எவ்வளவு நசுங்குகிறது என்று பார்த்துத்தான் வளையத்தை நிலைநிறுத்தினேன்.

ஒலியைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பேனலைப் பொருத்திய முதல் நாள் எனக்கு ஏமாற்றமே மிஞ்சியது. குரல் முன்னால் வந்துவிட்டது, ஆனால் கனம் இல்லை. கதவின் உள்தகட்டில் கைவிட்டு வேலை செய்வதற்கென்று இருக்கும் பெரிய ஓட்டைகள் வழியே ஸ்பீக்கர் கோனின் பின்பக்க அலை வெளியேறி முன்பக்க அலையை அழித்துவிடுகிறது. தாழ்ந்த ஸ்வரங்களில் இந்த இழப்பு மிகுதி. ஓட்டைகளை மெல்லிய அலுமினியத் தகட்டால் மூடி, அதன் மேல் அதிர்வை அடக்கும் பியூட்டைல் ரப்பர் ஷீட்டை ஒட்டி அழுத்தி, பேனலுக்கும் தகட்டுக்கும் நடுவே ஃபோம் பட்டை கொடுத்த பிறகுதான் தொப்பியின் நாதம் நாதமாக வந்தது. அந்த ஒரு நாள் வேலை, பேனலுக்கு நான் செலவிட்ட மூன்று வாரங்களுக்கு இணையான பலனைத் தந்தது என்றே சொல்வேன். பியூட்டைல் ஒட்டுபவர்கள் கதவின் அடியில் உள்ள நீர் வடியும் துளைகளை மட்டும் மூடிவிடக் கூடாது. கண்ணாடி ரப்பர் வழியே இறங்கும் மழைநீருக்கு அவைதான் வழி.

அந்த மழைநீரைப் பற்றி எனக்கு 2021 நவம்பர் பாடம் நடத்தியது. நான் வளையத்துக்கு மர நாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையைப் பயன்படுத்தியிருந்தேன், இழைப்பதற்குச் சுலபம், விலையும் குறைவு. அந்த மாதத்துச் சென்னை மழையில் இடப்பக்கக் கண்ணாடி ரப்பர் விட்டுக்கொடுக்க, வளையத்தின் பின்பக்கம் நாள்கணக்கில் ஈரத்தில் இருந்திருக்கிறது. டிசம்பரில் ஒரு கரகரப்பு கேட்கத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தால், 12 மி.மீ. கனமாக இருந்த வளையம் அடிப்பகுதியில் ஊறவைத்த ரஸ்க் மாதிரி உப்பி 16 மி.மீ. ஆகியிருந்தது, ஸ்குரூக்கள் விரலால் இழுத்தாலே கையோடு வந்தன. ஃபைபர் ஓட்டுக்கு எந்தச் சேதமும் இல்லை. 2022 மே மாதத்தில் நீரைத் தாங்கும் பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டில் இரண்டு வளையங்களையும் புதிதாக வெட்டி, ஓரங்களுக்கு ரெசினை ஊட்டி, ஸ்குரூவுக்குப் பதிலாக மரத்தில் பதியும் டீ-நட்டும் துருப்பிடிக்காத போல்ட்டும் போட்டேன். ஸ்பீக்கருக்குப் பின்னால் மேல்பாதியில் ஒரு ரப்பர் குடையும் வைத்தேன். அதற்குப் பிறகு வந்த மழைகளில் எந்தத் தொல்லையும் இல்லை. அந்த மே மாத வேலையில் இன்னொன்றும் தெரிந்தது: ஜனவரிக் காலையில் இருபது நிமிடம் இறுகாமல் கை கொடுத்த அதே ரெசின் கலவை, மே மாத நண்பகலில் எட்டாவது நிமிடத்தில் கோப்பையிலேயே கட்டியாகிப் புகைய ஆரம்பித்தது.

வெயில் வேறு விதமாகச் சோதித்தது. பேனலின் மேல் ரெக்சினை ஒட்டக் கையில் இருந்த சாதாரணப் பசையைப் பயன்படுத்தியதால் முதல் கோடையிலேயே குழிவான வளைவுகளில் அது எழும்பி வயிற்றைப்போல் தொங்கியது. பிறகு சீட் கவர் கடைக்காரர் ஒருவரின் யோசனைப்படி, சூடு தாங்கும் ரப்பர் சொல்யூஷனை இரண்டு பக்கமும் தடவி, கை ஒட்டாத பதம் வரும்வரை காயவிட்டு அழுத்தினேன். இன்றுவரை பிடித்திருக்கிறது. ரெசின் நாற்றம்தான் பொறுமையைச் சோதித்தது. மூடிய வண்டி வெயிலில் நின்றால் இரண்டு மாதம்வரை மூக்கை அடைத்தது. பேனல்களை ஒரு வாரமாவது மாடியில் வெயிலில் போட்டு முழுவதும் இறுகவிட்டபின் பொருத்தியிருந்தால் இதில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம்.

எடை குறித்து அச்சம் இருந்தது. ஸ்பீக்கரோடு சேர்த்து ஒரு பக்கம் 2.6 கிலோ வந்தது. கதவு தொங்கவில்லை, சாத்தும் ஓசை மட்டும் சற்றுக் கனத்திருக்கிறது. ஓட்டுபவரின் வலது முழங்கால் பேனலில் படுவதில்லை. ஆயினும் ஆறடி உயரமுள்ள என் மைத்துனர் ஓட்டும்போது ஒவ்வொரு முறையும் முணுமுணுக்கிறார், அதில் நியாயமும் இருக்கிறது. ஃபைபர் உடைந்தால் கூரான சில்லாக உடையும் என்பதால் வெளிப்புற விளிம்புகளை எல்லாம் உருட்டி, உட்புறம் கனமான ஃபெல்ட் துணியை ஒட்டியிருக்கிறேன். பக்கக் காற்றுப்பைகள் உள்ள புதிய வண்டியில் இப்படி ஒரு வேலையை நான் தொடவே மாட்டேன்.

செலவு, ஸ்பீக்கர்களைத் தவிர்த்து, கெட்டுப்போன முதல் பேனலையும் சேர்த்து 2019 கணக்கில் ஏறக்குறைய ஆறாயிரம் ரூபாய். நேரத்தைக் கணக்கிட்டால் கடையில் கொடுத்துச் செய்வதே லாபம். ஆனால் 800-இன் கதவுக்கென்று அளந்து செய்து தர எனக்குத் தெரிந்த கடைகளில் எவரும் முன்வரவில்லை.

இப்போது மிச்சமிருக்கும் குறை ஒன்றுதான். அம்மா இடப்பக்கம் இறங்கும்போது பேனலின் கீழ்முனையில் செருப்புக் காலை ஊன்றித்தான் இறங்குவார்; அங்கே ஒரு மயிரிழை விரிசல் விழுந்தது. பின்புறமாக ஒரு அடுக்கு மேட் போட்டு அடைத்தேன், ரெக்சினில் கோடு மட்டும் தெரிகிறது. அந்த ஓரத்துக்கென்று அலுமினியப் பட்டை ஒன்றை வெட்டி வளைத்து டிக்கியில் போட்டு நான்கு மாதம் ஆகிறது, இன்னும் பொருத்தவில்லை.