பலாலி வீதி ஒழுங்கைக்குள் ஒரு உளவளத்துணை நிலையம்: ஒன்பது தரம் போய் வந்தவன் எழுதுவது

முழுக்க வாசிக்கப் பஞ்சிப்படுகிறவர்களுக்காகப் புள்ளியை முதலே போட்டுவிடுகிறேன். உள்ளே அறைக்குள் நடக்கிற உளவளத்துணை, அதாவது கவுன்சிலிங், வேலைக்கு ஐந்துக்கு ஐந்து. வெளியே காத்திருக்கிற இடத்துக்கு ஐந்துக்கு ஒன்று, அந்த ஒன்றும் காற்றாடிக்குத்தான். நிலையத்தின் பெயரை எழுதவில்லை. குறையும் சொல்லப் போகிறேன் என்பது ஒரு காரணம். பெயரைப் போட்டால் நான் ஆர் என்று இந்த ஊர் ஒரே நாளில் பிடித்துவிடும் என்பது மற்றக் காரணம். யாழ்ப்பாணத்தில் பலாலி வீதியால் கோண்டாவில் பக்கம் போகும்போது வருகிற ஒரு ஒழுங்கைக்குள், வீடாக இருந்து அலுவலகமாக மாறிய கட்டடம். முற்றத்தில் ஒரு பெரிய மாமரம்.

எனக்கு 47 வயது. இருபது வருடமாகப் பாமசியில் நிற்கிறேன். மனநலக் கிளினிக் துண்டோடு வருகிறவர்களுக்குக் குளிசை எண்ணிக் கொடுத்த கை இது. எந்த வீட்டில் ஆர் என்ன குளிசை போடுகிறார் என்று எனக்குத் தெரியும், ஒருநாளும் வெளியே வாய் திறந்ததில்லை. "இதில என்ன வெக்கம், பிரஷர் குளிசை மாதிரித்தானே" என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன். எனக்கென்று வந்தபோது அந்த வசனம் வாயில் வரவில்லை.

வந்தது இப்படித்தான். ஒரு இரவு இரண்டு மணிக்கு நெஞ்சிடியோடு எழும்பினேன். அடிக்கிற சத்தம் தலையணைக்குள் கேட்டது, விரல் நுனி எல்லாம் விறைத்தது. இது ஹார்ட் அற்றாக்தான் என்று மனைவியை எழுப்பி, பக்கத்து வீட்டுத் தம்பியின் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஈ.சி.ஜி. சரி. மூன்று கிழமைக்குள் இதே கதை மூன்று தரம். மூன்றாம் தரம் இருந்த இளம் டொக்டர் ஈ.சி.ஜி. தாளை மடித்துக் கையில் தந்துவிட்டு, "ஐயா, உங்கட ஹார்ட் என்ர ஹார்ட்டை விட நல்லா வேலை செய்யுது. ஒரு உளவளத்துணையாளரோட கதைச்சுப் பாருங்கோ" என்றார். மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் தலைமுறைக்கு அங்கொடை (கொழும்புப் பக்கத்து மனநல ஆஸ்பத்திரி) என்ற சொல்லைத் தாண்டி இந்த விசயத்தில் வேறொன்றும் பழக்கமில்லை.

உண்மையில் யாழ்ப்பாணத்துக்கு இது புதிதே இல்லை. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற மனநல வைத்தியர்களும் சாந்திகம் போன்ற அமைப்புகளும் போர்க்காலத்திலேயே இங்கே இந்த வேலையைச் செய்தவர்கள். ஆனால் அதெல்லாம் "பாதிக்கப்பட்ட சனத்துக்கு" என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருத்தன். 95 இடப்பெயர்வில், போரால் யாழ்ப்பாணச் சனம் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது, சைக்கிளில் அப்பாவின் மருந்துப் பையைக் கட்டிக்கொண்டு போன பெடியன் பாதிக்கப்பட்ட சனத்துக்குள் வருவானோ என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

முதலில் போனது வேறோர் இடம். அதைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. நாற்பது நிமிடத்தில் நான் கதைத்தது பத்து நிமிடம்கூட வராது, மிச்சம் முழுக்க அவர்தான் கதைத்தார். கடவுள் நம்பிக்கை வேணும், பிள்ளைகளை நினைக்க வேணும், நம்மை விடக் கஷ்டப்படுகிறவர்களைப் பார்க்க வேணும். கலியாண வீட்டில் சாப்பாட்டுக்குக் காத்திருக்கும்போது பெரியப்பா சொல்லுகிற அதே புத்திமதி, காசு கட்டிக் கேட்டேன். இரண்டாம் தரம் போகவில்லை. முதல் ஆள் சரிவரவில்லை என்றால் "இது எனக்குச் சரிவராது" என்று முடிவு கட்டாமல் ஆளை மாற்றுங்கள். நான் அப்படி முடிவு கட்டி இரண்டு மாதம் சும்மா இருந்து, நான்காவது ஈ.சி.ஜி.யும் எடுத்தேன்.

பிறகுதான் இந்த மாமரத்து இடம். போன் எடுத்ததும் பெயரும் இலக்கமும் மட்டும் கேட்டார்கள், என்ன பிரச்சினை என்று கேட்கவில்லை. அது பிடித்துக்கொண்டது.

எங்கள் ஊரில் ஆளை விடச் சைக்கிளைத்தான் எல்லாருக்கும் தெரியும். என்னுடையது பச்சை லுமாலா, பின் கரியரில் கறுப்பு ரியூப் சுற்றியிருக்கும். அது எந்தப் படலையில் நிற்குதோ அங்கே நான் நிற்கிறேன் என்று அர்த்தம். அதனால் முதல் நாள் சைக்கிளைத் தூரத்தில் ஒரு கோயில் மதிலோடு சாத்திவிட்டு, அரை மைல் வெயிலில் நடந்து போனேன். போய்ப் பார்த்தால், காத்திருக்கிற கதிரைகள் ஐந்தும் படலையைப் பார்த்தபடி! ஒழுங்கையால் போகிற ஒவ்வொருத்தரும் நேரே முகத்தைப் பார்த்துக்கொண்டு போகலாம். ஐந்துக்கு ஒன்று ஏன் என்று இப்ப விளங்கியிருக்கும்.

இரண்டு கதிரை தள்ளி ஒரு அம்மா இருந்தா. மாதா மாதம் எங்கள் பாமசிக்கு வருகிறவ. அவ என்னைக் கண்டா, நானும் கண்டேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தோம்.

நாலரைக்குச் சொன்ன நேரம் ஐந்தேகாலுக்குத்தான் தொடங்கியது. உள்ளே ஒரு சின்ன அறை, இரண்டு பிரம்புக் கதிரை, ஒரு ஸ்ரூலில் தண்ணீர்ப் போத்தலும் ரிஷூப் பெட்டியும். கட்டில் ஒன்றும் இல்லை, படுக்கச் சொல்லவும் இல்லை. உளவளத்துணையாளருக்கு முப்பது வயது வரும், என் மருமகள் வயது. "உங்களை எப்படிக் கூப்பிடலாம்?" என்று கேட்டா. ஐயா என்றால் வயசு போன மாதிரி இருக்கும் என்றேன். "அப்ப அண்ணா" என்றா. நான் மிஸ் என்றேன்.

முதல் பத்து நிமிடம் தாள் வேலைதான். நான் சொல்வது அந்த அறையை விட்டு வெளியே போகாது என்று சொல்லிவிட்டு, எப்போது போகும் என்பதையும் சொன்னா: என் உயிருக்கு ஆபத்து என்று கண்டால், நான் இன்னொருத்தருக்கு ஆபத்துச் செய்யப் போகிறேன் என்று தெரிந்தால், ஒரு பிள்ளைக்குக் கொடுமை நடக்கிறது என்று தெரிய வந்தால். இதை முதலிலேயே சொல்லாத இடத்துக்கு இனி நான் போக மாட்டேன்.

அப்புறம் மனச்சோர்வு எவ்வளவு என்று பார்க்கிற ஒன்பது கேள்வித் தாள். கடந்த இரண்டு கிழமையில் நித்திரை எப்படி, பசி எப்படி, எதிலாவது விருப்பம் இருந்ததா என்று ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்தில் இருந்து மூன்று வரை போட வேணும். மொத்தம் 27. எனக்கு 13 வந்தது. புள்ளி குறைந்தால் நல்லது என்கிற சோதனை என் வாழ்க்கையில் இது ஒன்றுதான். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லம் என்ற யோசனை வந்ததா என்பது. நான் பூச்சியம் போட்டிருந்தேன். அவ அதோடு விடாமல், முகத்தைப் பார்த்து, சாதாரணக் குரலில் வாயாலும் கேட்டா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லாரிடமும் கேட்பது வழமை, கேட்பதால் இல்லாத எண்ணம் முளைக்காது என்று விளங்கப்படுத்தினா. நீங்கள் போனாலும் கேட்பார்கள், பயப்படாதீர்கள்.

இடப்பெயர்வு, செல்லடி, பங்கர் என்று தோண்டப் போறா என்று நான் மனதைக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். அவ கேட்டது ஒரு நாளைக்கு எத்தனை தேத்தண்ணி குடிக்கிறீங்கள் என்று. ஏழு. கடைசித் தேத்தண்ணி எத்தனை மணிக்கு? இரவு பத்துக்கு. எழுதிக்கொண்டா. கடைசியாக நல்லா நித்திரை கொண்டது எப்ப, நெஞ்சிடி வந்த பிறகு எந்த எந்த இடத்துக்குப் போறதை விட்டிட்டீங்கள்? அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் நான் நின்றுவிட்டேன். வங்கி, சந்தை, நல்லூர்த் தேர். சனம் கூடுகிற இடம் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். அதை நான் "வேலை கூட" என்று சொல்லிச் சமாளித்திருக்கிறேன். புத்திமதி ஒன்றும் சொல்லாமல் சும்மா வரிசையாகக் கேட்டே அதைக் காட்டிவிட்டா.

மூன்றாம் தரம் நடந்ததை மட்டும் விரிவாகச் சொல்ல வேணும். ஈ.சி.ஜி. முடிவு எல்லாம் கொண்டு வரச் சொல்லிப் பார்த்த பிறகு, "அண்ணா, ஒரு நிமிசம் வேகமா, ஆழமா மூச்சு விடுங்கோ, நானும் விடுறன்" என்றா. இரண்டு பேரும் ஓடி வந்த நாய் மாதிரி மூச்சு வாங்கினோம். நாற்பது செக்கனில் என் விரல் நுனி விறைத்தது. தலை சுற்றியது. நெஞ்சு படபடத்தது. இரவு இரண்டு மணிக்கு வருகிற அதே சாமான், பின்னேரம் ஐந்து மணிக்கு, பிரம்புக் கதிரையில், நானே செய்தது! பிறகு மெதுவாக நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடச் சொன்னா. கொஞ்ச நேரத்தில் அடங்கியது. பயத்தில் மூச்சு வேகமாகும்போது இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைகிறது, விறைப்பும் தலைச்சுற்றும் அதனால்தான் என்று ஒரு தாளில் கீறிக் காட்டினா. பாமசியில் நிற்கிற எனக்கு இது தெரிந்திருக்க வேணும். புத்தகத்தில் தெரிவதும் விரல் நுனியில் தெரிவதும் வேறு வேறு.

பிறகு வீட்டுவேலை தந்தா. அந்தக் கிழமை திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்ப் பத்து நிமிடம் நிற்க வேணும். பயம் வந்தால் ஓடி வரக் கூடாது, அது ஏறி இறங்கும் வரை நிற்க வேணும். நின்றேன். ஒரு கிலோ கத்தரிக்காயும் ஒரு கட்டு முருங்கைக்காயும் வாங்கினேன், வீட்டில் இரண்டும் இருந்தது. அடுத்த கிழமை இருபது நிமிடம். ஐந்தாம் தரத்துக்குப் பிறகு நிலைமை கொஞ்சம் கூடாமல் போனது என்பதையும் மறைக்கக் கூடாது. அப்பாவைப் பற்றி நானாகவே கதைக்கத் தொடங்கியிருந்தேன், வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "காசையும் குடுத்து அழுகையையும் வாங்கிக்கொண்டு வாறியள்" என்றா மனைவி. அடுத்த தரம் இதை அப்படியே போய்ச் சொன்னேன். மிஸ் சிரித்தா, பிறகு வேகத்தைக் குறைத்தா. இப்படி வந்தால் நிற்பாட்டிவிடாமல் போய்ச் சொல்லுங்கள்.

காசு: ஐம்பது நிமிடத்துக்கு 2500 ரூபா. வராவிட்டால் முதல் நாளே சொல்ல வேணும், இல்லாவிட்டால் பாதிக் காசு. கிழமைக்கு ஒரு தரம் என்று பார்த்தால் என் சம்பளத்துக்கு இது சின்னக் காசில்லை. கட்ட ஏலாதவர்கள் அரச வைத்தியசாலை மனநலக் கிளினிக்குக்குப் போகலாம், அது இலவசம். வரிசையில் நிற்க வேணும், அவ்வளவுதான். ஒரு இரவு தாங்க முடியாமல் போனால் 1926 என்ற தேசிய உதவி இலக்கம் 24 மணி நேரமும் இருக்கிறது.

உளவளத்துணையாளர் குளிசை எழுத மாட்டார், அது வைத்தியரின் வேலை. எனக்குக் குளிசை தேவைப்படவில்லை. உங்களுக்குத் தேவைப்பட்டால் கவுன்ரருக்கு இந்தப் பக்கம் நிற்கிறவன் ஒன்று சொல்லுகிறேன்: மனச்சோர்வுக்கும் பதட்டத்துக்கும் கொடுக்கிற செர்ட்ரலின் மாதிரியான மருந்து வேலை செய்யக் குறைந்தது இரண்டு, மூன்று கிழமை பிடிக்கும். ஐந்தாம் நாள் வந்து "இது சரியில்லை" என்று சொல்லி நிற்பாட்டுகிறவர்களை மாதம் ஒருத்தராவது காண்கிறேன்.

மிச்சக் குறைகள்: பக்கத்து வளவில் ரியூசன். பின்னேரம் ஐந்துக்குப் பிறகு மைக்கில் இரசாயனவியல் நடக்கும். நான் அப்பாவைப் பற்றிக் கதைத்த அன்று, பின்னால் ஐதரோகாபன் போய்க்கொண்டிருந்தது. சனிக்கிழமை காலை கிடைத்தால் எடுங்கள். போன் எடுத்தால் இரண்டு தரத்துக்கு ஒரு தரம்தான் பதில். முறைப்பாட்டுப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறார்கள், கதிரையைப் பற்றிப் பெயர் போடாமல் எழுதிப் போட்டேன்.

ஒன்பதாம் தரம் அதே கேள்வித் தாளில் 5 வந்தது. இனி மாதத்துக்கு ஒரு தரம் வந்தால் போதும் என்றா. சைக்கிள் இப்போது கோயில் மதிலில் இல்லை, ஒழுங்கை முகப்புக் கடையடி வரை வந்திருக்கிறது.

போன கிழமை அந்த அம்மா பாமசிக்கு வந்தா. துண்டைத் தந்தா, குளிசையை எண்ணி உறையில் போட்டேன். மிச்சக் காசை வாங்கும்போது, கவுன்ரரைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னா:

"தம்பி, கதிரையெல்லாம் மாமரப் பக்கம் திருப்பிப் போட்டிருக்கினம்."

"அப்பிடியே அம்மா?" என்றேன்.