32 சதவீதத்தைத் தாண்டாத கம்ப்யூட்டர்

பாளையங்கோட்டையில் டிடிபி வேலை பார்க்கிறவன் நான். கோயில் கொடை நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கட்சிக்காரர்களின் பிறந்தநாள் ஃப்ளெக்ஸ் எல்லாம் இந்த மேஜையிலிருந்துதான் போகிறது. 2023 கடைசியில் நெல்லையில் ஒரு கடையில் சொல்லி அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர் இது: ஐ5 12400 பிராசஸர், எச்610 போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, எனக்குத் தேவையும் இல்லை. இந்தக் கணக்கெல்லாம் எங்கேயும் கிடைக்கும். நான் எழுத வந்தது, புது மிஷின் ஏன் பழையதைவிட மெதுவாக ஓடியது என்பதைப் பற்றி.

ஆன் செய்தால் பதினைந்து விநாடிக்குள் ரெடி. பிரௌசர், வாட்ஸ்அப், சின்னப் பத்திரிகை டிசைன் எல்லாம் பறக்கும். 20க்கு 10 அடி ஃப்ளெக்ஸைத் திறந்ததும் படுத்துவிடும். அப்படிப்பட்ட ஃப்ளெக்ஸ் 72 டிபிஐயில் 17,280க்கு 8,640 பிக்சல் வரும். அச்சுக்கான நான்கு நிற முறையான சிஎம்ஒய்கேயில் கணக்குப் போட்டால் ஒரு முழு லேயருக்கே 600 எம்பி கிட்டத்தட்ட. பெரிய சுமைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஓரத்தில் கிடந்த பழைய ஐ3 மிஷின் அதை முக்கி முனகியாவது சுமந்தது. புதுசில் பிரஷ்ஷை இழுத்தால் கோடு பிறகு வரும். தமிழில் டைப் அடித்தால் எழுத்து ஒவ்வொன்றாக யோசித்து யோசித்து விழும். சேவ் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போய் வரலாம். காற்றடைத்த மோட்டார் மாதிரி, சத்தம் இருக்கிறது, தண்ணீர் இல்லை.

கடையில் சொன்னேன். "விண்டோஸ் புதுசுல்லா அண்ணாச்சி, செட்டாக ரெண்டு நாள் ஆகும்" என்றார். இதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. புதிதாகப் போட்ட விண்டோஸ் முதல் ஒன்றிரண்டு நாள் அப்டேட் இறக்கும், ஃபைல்களுக்கெல்லாம் இண்டெக்ஸ் போடும், டிஸ்க் ஓடிக்கொண்டே இருக்கும். அது முடிந்த பிறகும் அதே கதை. அடுத்து ஆன்டிவைரஸைக் கழற்றச் சொன்னார். அடுத்து, "ஃபோட்டோஷாப் ஒரிஜினலா?" என்று கேட்டார். மாசாமாசம் காசு கட்டுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது! கடைசியில், எதிர்பார்த்தபடியே, விண்டோஸை மாற்றிவிடலாம் என்றார்.

ஃபார்மேட் என்பது கடைக்காரருக்கு ஒரு மணி நேர வேலை. டிடிபிக்காரனுக்கு அது வேறு. தமிழ் ஃபான்ட் மட்டும் நூற்றுக்கணக்கில் வைத்திருப்போம். ஒவ்வொரு பிரஸ்காரரும் ஒவ்வொரு பழைய என்கோடிங்கில் ஃபைல் அனுப்புவார். கீபோர்டு டிரைவர், பிரிண்டர், டிசைன் சாஃப்ட்வேரான கோரல், அதன் பிளக்இன் என்று எல்லாவற்றையும் மறுபடி ஏற்றி முடிக்க ஒரு முழு நாள் போய்விடும். ஏற்றி முடித்து ஃப்ளெக்ஸைத் திறந்தால், சவம், பழையபடி.

அப்புறம் ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன். டிஸ்க்கைச் சோதிக்கிற கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ சாஃப்ட்வேரில் எஸ்எஸ்டி ஆரோக்கியம் நூறு சதவீதம். வேகம் அளந்தால் பெட்டியில் போட்டிருந்ததற்குப் பக்கத்தில் வந்தது. ரேமில்தான் ஒரு கோளாறு தெரிந்தது. அட்டையில் 3200 என்று இருக்கிறது, எந்தப் பாகம் எப்படி ஓடுகிறது என்று விண்டோஸில் காட்டுகிற டாஸ்க் மேனேஜர் 2133 என்கிறது. நிறைய ரேம்கள் இப்படித்தான், போர்டின் அடிப்படை செட்டிங்கான பயாஸில் எக்ஸ்எம்பி என்ற ஒன்றை ஆன் செய்யாவிட்டால் குறைந்த வேகத்திலேயே ஓடும். கூலி வாங்கிக்கொண்டு அசெம்பிள் செய்கிறவர் செய்ய வேண்டிய ஒரு நிமிட வேலை, செய்யவில்லை. ஆன் செய்தேன். தேவலை என்று சொல்லும் அளவுக்கு மாற்றம் இருந்தது, அவ்வளவுதான். ரேம் வேகம் குறைந்தால் பத்து நிமிஷ வேலை பன்னிரண்டு நிமிஷம் ஆகலாம், நாற்பது ஆகாது.

எல்லோரையும் ஏமாற்றியது டாஸ்க் மேனேஜரில் இருந்த அந்த 32 சதவீதம். சிபியு, அதாவது பிராசஸர், எப்போது பார்த்தாலும் 30, 31, 32. அதற்கு மேல் ஏறாது. "சிபியு சும்மாதான இருக்கு, அப்ப சாஃப்ட்வேர்தான் பிரச்சினை" என்று கடையில் சொன்னதும், எனக்கும் அது நியாயமாகப் பட்டதும் இதை வைத்துத்தான்.

என் மருமகன் பெங்களூரில் வேலையில் இருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் புலம்பியபோது அவன் கேட்டது ஒன்றே ஒன்று. "மாமா, பர்ஃபாமன்ஸ்ல சிபியு படத்துக்குக் கீழ ஸ்பீடுன்னு இருக்கும். என்ன போட்ருக்கு?"

"பூஜ்யம் புள்ளி எட்டு."

"பெரிய ஃபைல் ஓடிட்டு இருக்கா இப்ப?"

"ஓடுது."

"அப்ப சூடு மாமா. சாஃப்ட்வேர் இல்ல."

அவன் விளக்கியது இது. ஐ5 12400இன் அடிப்படை வேகம் 2.5 கிகாஹெர்ட்ஸ். அப்போதைய விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் அந்த 2.5ஐ நூறாக வைத்துச் சதவீதம் போட்டது. பிராசஸர் தாங்க முடியாத சூட்டில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள 0.8க்கு இறங்கிவிட்டால், முழு மூச்சில் உழைத்தாலும் திரையில் 32 சதவீதம்தான் காட்டும். நாங்கள் சும்மா இருப்பதாக நினைத்த பிராசஸர் கழுத்து வரை வேலையில் இருந்திருக்கிறது. சூட்டை அளந்து காட்டுகிற எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரை ஏற்றிப் பார்த்தேன். ஃப்ளெக்ஸைத் திறந்த சில விநாடியில் 100 டிகிரி. அந்தப் பிராசஸருக்கு அதுதான் எல்லை. தெர்மல் த்ராட்லிங், அதாவது சூட்டால் வேகத்தைக் குறைப்பது, என்ற வரியில் சிவப்பாக 'யெஸ்'. பாளையங்கோட்டை வெயிலுக்குத்தான் சூடு என்று யாரும் சமாதானம் சொல்ல முடியாது, அது மார்கழி மாதம்.

பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். பிராசஸர் மேல் உட்கார்ந்து சூட்டை வெளியேற்றுகிற கூலரைத் தொட்டால் ஆடுகிறது. நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் ஊசி வைத்து அழுத்திப் பூட்டுகிற வகை. ஒவ்வொன்றும் டக்கென்று விழுந்து போர்டுக்குப் பின்பக்கம் விரிந்து பிடிக்க வேண்டும். இரண்டு பிடித்திருந்தன, இரண்டு ஓட்டையில் சும்மா நின்றன. அழுத்திப் பார்த்தேன், விழவே இல்லை. காரணம் கூலர் வந்த அட்டைப்பெட்டியில் இருந்தது. நல்லவேளை, கடையில் எல்லாக் காலிப் பெட்டிகளையும் மூட்டை கட்டிக் கொடுத்திருந்தார்கள். பிராசஸர் உட்கார்கிற எந்தெந்த சாக்கெட்டுக்குப் பொருந்தும் என்ற பட்டியலில் 1200 இருக்கிறது, 115எக்ஸ் இருக்கிறது. என் போர்டின் 1700 இல்லை. பழைய சாக்கெட்டுகளில் ஓட்டைக்கு ஓட்டை 75 மில்லிமீட்டர். 1700இல் 78. மூன்று மில்லிமீட்டரைக் கைப்பலத்தால் சமாளித்திருக்கிறார்கள். பிராசஸரின் உயரமும் புதியதில் கொஞ்சம் குறைவு என்பதால், பூட்டியிருந்த பக்கம்கூடச் சரியாக அழுந்தவில்லை. நடுவில் சூட்டைக் கடத்தத் தடவுகிற பேஸ்ட் ஒரு பக்கம் மட்டும் பரவி, மறுபக்கம் டியூபிலிருந்து விழுந்தபடியே கிடந்தது.

இன்னொன்றும் அப்போதுதான் வெளியே வந்தது. பெட்டிப் பிராசஸர் என்றால் அதற்கேற்ற கூலர் உள்ளேயே வரும், தயாரிப்பாளர் மூன்று வருஷம் வாரண்டி கொடுப்பார். எனக்குப் போட்டது டிரே. பிராசஸர் மட்டும் தனியாக வரும், கூலரைக் கடைக்காரர் சேர்ப்பார், வாரண்டிக்கும் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும். பில்லில் ஐ5 12400 என்று மட்டும் இருக்கும். டிரே வாங்குவதில் தப்பில்லை, விலை குறைவு. சொல்லிவிட்டுப் போட வேண்டும், அவ்வளவே.

கூலர் வந்த பெட்டியோடு கடையில் போய் நின்றேன். பட்டியலைப் படித்துவிட்டு கடைக்காரர் ஒன்றும் பேசவில்லை, சரியான கூலரை எடுத்து அவரே மாட்டினார். இந்த முறை போர்டை வெளியே எடுத்து, பின்பக்கம் பார்த்து, மூலைக்கு மூலை எதிரெதிராக அழுத்தினார். வேலை தெரிந்தவர்தான். அதனால்தான் கோபம் இன்னும் கூடியது. அதற்கும் மேல், கூலர் விலை வித்தியாசம் என்று காசு வேறு கேட்டார். கொடுத்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன்.

அன்றிலிருந்து இந்த மிஷினைக் குறை சொல்ல வாய் வரவில்லை. ஆறு கோரும் 4 கிகாஹெர்ட்ஸில் நிற்கிறது, சித்திரை வெயிலிலும் சூடு 75ஐத் தொட்டால் அதிகம். ஃபைல் 2 ஜிபியைத் தாண்டினால் ஃபோட்டோஷாப்பின் வழக்கமான பிஎஸ்டி வகையில் சேவ் ஆகாது, பெரிய ஃபைலுக்கான பிஎஸ்பியில்தான் போட வேண்டும். அந்தப் பெரிய பிஎஸ்பிகளைச் சேவ் கொடுத்துவிட்டு எழுந்திருக்க நேரமில்லை. ஆடிக் கொடைக்கு ஒரே நாளில் ஏழெட்டு ஊர்க்காரர்கள் வந்து உட்கார்ந்து, தர்மகர்த்தா போட்டோவைப் பெரிதாக்கு, சுடலைமாடனை நடுவில் வை என்று ஆளுக்கொன்று சொல்லும்போதும் அசையவில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற ஆடிக்காற்று மண்ணை அள்ளிக்கொண்டு வந்து முன்பக்க வலையை அடைத்துவிடும். பெயின்ட் பிரஷ்ஷால் ஒரு தட்டு தட்டினால் போதும்.

எச்610 போர்டில் ரேமுக்கு இரண்டே இடம், இரண்டும் 8 ஜிபியால் நிறைந்துவிட்டன. இந்த விஷயத்தில் கடைக்காரரைக் குற்றம் சொல்ல மாட்டேன். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மிஷினுக்கு ஒற்றை 16ஐவிட இரண்டு எட்டுதான் நல்லது. ஆனால் 32 ஜிபிக்குப் போக வேண்டும் என்றால் இரண்டையும் கழற்றித் தூர வைக்க வேண்டும். போன வருஷமே செய்திருக்கலாம், தள்ளிப்போட்டேன். அதற்குள் 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி போகப்போக ரேம் விலை எகிறிவிட்டது. குருசியல் என்ற பெயரில் நமக்கு விற்றுக்கொண்டிருந்த மைக்ரான், அந்தச் சில்லறை வியாபாரத்தையே விடுவதாக டிசம்பரில் அறிவித்தது. விலையைக் கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டேன்.

கடையநல்லூர் நண்பர் ஒருவர் இப்போது கேட்கிறார். அவரிடம் இருப்பது 7வது தலைமுறை ஐ3. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது, 11க்கு அந்தப் பிராசஸர் பட்டியலில் இல்லை. அசெம்பிள் செய்யலாமா என்கிறார். செய்யாதீர்கள் என்றுதான் சொன்னேன். மிஷின் பிரமாதம் என்று இப்போதுதானே சொன்னீர்கள் என்றார். ஆமாம், பிரமாதம்தான். செய்யாதீர்கள். விலை விற்கிற விலையில் பிராண்டட் ஒன்றை வாங்கி ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

கேட்கிற ஆள் இல்லை அவர். அட்வான்ஸ் கொடுத்துவிட்டார், அதுவும் அதே கடையில், அதுவும் என் பெயரைச் சொல்லி. சரி, காசு எண்ணிக் கொடுக்கும் முன் கடையிலேயே பெரிய ஃபைல் ஒன்றைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, சதவீதத்தைப் பார்க்காமல் ஸ்பீடைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். என் மிஷினுக்கு ஐந்துக்கு நாலரை மார்க் கொடுப்பேன். ரேம் விலை கேட்ட எரிச்சல் தீராததால் இன்றைக்கு மூன்று.