முறிஞ்ச போல்ற்றை வெளிய எடுக்க எது நல்லம்: ஈஸி அவுட்டா, இடம்புரி பிற்றா, நட்டு வெல்டிங்கா?

எஞ்சினில ஒரு போல்ற் முறிஞ்ச உடன எல்லாரும் கேக்கிற முதல் கேள்வி "ஈஸி அவுட் எங்க வாங்கலாம்?" எண்டது தான் (முறிஞ்ச துண்டில ஓட்டை போட்டு, அதுக்குள்ள இறக்கி இடப்பக்கம் திருப்பிக் கழட்டுற சாமான் அது). என்னைக் கேட்டால் அது கடைசியாக் கேக்க வேண்டிய கேள்வி. போல்ற் இறுக்கேக்க முறிஞ்சதா கழட்டேக்க முறிஞ்சதா எண்டதை முதல்ல பாருங்கோ, எந்த வழியில போறது எண்டதில முக்கால்வாசி அதிலயே முடிவாகீரும்.

இறுக்கேக்க கொஞ்சம் கூடப் போய் தலை கழண்டு வந்ததெண்டால் பயப்பிடவே தேவையில்லை. உள்ளுக்க நிக்கிற துண்டை இழுத்துப் பிடிச்சுக்கொண்டு இருந்தது அந்தத் தலை தான், தலை போனாப் பிறகு துண்டில பிடி ஒண்டும் இல்லை, சில நேரம் கூரான பஞ்சால ஓரத்தில மெல்லத் தட்டினாலே சுத்திக்கொண்டு வெளிய வரும். கழட்டேக்க முறிஞ்சது தான் வில்லங்கம். துருவோ உப்போ போய் மரை முழுக்க இறுகி, போல்ற்றின்ர பலத்தை விட அந்தப் பிடி கூட எண்டபடியாத் தானே அது முறிஞ்சது, அப்ப முழு எட்டு மில்லி போல்ற்றே தாங்காத விசையை, அதுக்குள்ள ஓட்டை போட்டு இறக்கிற நாலு மில்லி ஈஸி அவுட் எப்பிடித் தாங்கும்? இதை யோசிச்சாலே பாதிப் பேர் அந்தச் சாமானை மேசையில திருப்பி வைப்பினம்.

இன்னொண்டு எங்கட ஊருக்கு எண்டே சொல்ல வேணும். யாழ்ப்பாணத்துக் கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்கால வாற தண்ணி, அதைத் தான் கனபேர் கூலன்ற் விடாமல் ரேடியேற்றருக்குள்ள ஊத்துறது. வருசக்கணக்கா அது ஓடினால் தேர்மோஸ்ராற் மூடி, வோட்டர் பம்ப் போல்ற்றுகளைச் சுத்தி அலுமினியம் அரிச்சு வெள்ளை மா மாதிரி ஒண்டு மரைக்குள்ள அடைஞ்சு போகும். சைலன்சர் பக்க ஸ்ரட்டுகளில (தலையில்லாத, ரெண்டு பக்கமும் மரை உள்ள போல்ற்) வாற செம்பழுப்புத் துரு வேற, இந்த வெள்ளைப் பிடி வேற. பருத்தித்துறை, காரைநகர் மாதிரிக் கடற்காத்து அடிக்கிற இடத்து வாகனத்தில ரெண்டும் சேர்ந்தே இருக்கும்.

எஞ்சின் எது எண்டதும் பாக்க வேணும். இஞ்ச இப்பவும் ஓடுற ஒஸ்ரின் ஏ40 கார் மாதிரிப் பழசுகளில ஹெட்டும் (எஞ்சினின்ர மேல்பகுதி) புளொக்கும் வார்ப்பிரும்பு (தொண்ணூறுகளில பொருளாதாரத் தடைக்க பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில ஓடின எஞ்சினுகள், அவை லேசில சாகாது). அல்ரோ, கொரோலா எண்டு பிறகு வந்ததுகளில ஹெட் அலுமினியம். இரும்புக்குள்ள இரும்பு போல்ற் எண்டால் ட்றில் பிற் கண்டபடி ஓடாது, ஆனால் வெல்டிங் குழிச் சுவரில ஒட்டிற பயம் இருக்கு. அலுமினியத்தில அப்பிடியே மாறி, பிற் கொஞ்சம் சரிஞ்சாலும் மெத்தென்ற பக்கத்துக்கு வழுக்கிப் போகும், வெல்டிங்கோ சுவரில ஒட்டவே ஒட்டாது.

சரி, துண்டு வெளிய கொஞ்சமாவது நீட்டிக்கொண்டு நிண்டால் பெரிசா யோசிக்க ஒண்டுமில்லை. அஞ்சாறு மில்லி நிண்டாலே வைஸ் கிரிப்பால கவ்வலாம், ஸ்ரட்டின்ர மரை நல்லா இருந்தால் ரெண்டு நட்டுப் போட்டு ஒண்டோடொண்டு இறுக்கி உள் நட்டில ஸ்பனர் போடலாம். ஆனால் கவ்வ முதல் ஓயிலும் சூடும். டபிள்யூடி-40 தண்ணியை விரட்டவெண்டு செய்த சாமான், துருவுக்குள்ள இறங்கிறதில அது பெரிய கெட்டி இல்லை, அதுக்கெண்டே இருக்கிற பெனட்ரேற்றிங் ஓயில் அடிச்சு ஒரு ராவு விடுங்கோ. அசிற்றோனும் ஓட்டோ கியர் ஓயிலும் பாதிக்குப் பாதி கலந்து விடுற ஆக்களும் இருக்கினம், அது வேலை செய்யும், ஆனால் ரெண்டும் பிரிஞ்சு நிக்கும் எண்டபடியால் ஒவ்வொருக்காவும் குலுக்கி விட வேணும், நெருப்புப் பக்கம் கொண்டு போகவே கூடாது. அதைப் பூசின இடத்தில வடிவாத் துடைச்சுக் காயவிடாமல் காஸ் ரோச் பிடிக்கிற வேலை வேண்டாம். சூடு எண்டால் அலுமினியம் இரும்பைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும், அதாலை போல்ற்றைச் சூடாக்காமல் அதைச் சுத்தி ஹெட்டைச் சூடாக்கினால் குழி கொஞ்சம் அகண்டு தரும், அந்தச் சூட்டோட மெழுகுதிரியை மரை ஓரத்தில தொட்டால் மெழுகு உருகி உள்ளுக்க இழுபடும். காசில்லாத வைத்தியம், ஓயிலை விட நல்லா வேலை செய்யிறதைப் பாத்திருக்கிறன்.

துண்டு குழியோட மட்டமா நிண்டால், இல்லாட்டி உள்ளுக்கயே முறிஞ்சிருந்தால் தான் உண்மையான போட்டி.

இடம்புரி ட்றில் பிற் தான் என்ர முதல் தெரிவு, இறுக்கேக்க முறிஞ்சதெண்டால் கண்ணை மூடிக்கொண்டு இது தான். சாதாரண பிற் வலப்பக்கம் சுத்திறது, முறிஞ்ச துண்டை இன்னும் உள்ளுக்குத் தள்ளும். இது இடப்பக்கம் சுத்தி வெட்டுறதால, வெட்டிக்கொண்டு போகேக்கயே பிற் எங்கயாவது கடிச்சுதெண்டால் துண்டு தன்ர பாட்டில சுத்தி வெளிய வந்திரும், ட்றில்லை றிவேர்ஸில போட்டு மெல்ல ஓட்ட வேணும் அவ்வளவு தான். வராட்டியும் நட்டமில்லை, எந்த வழிக்குப் போனாலும் நடுவில ஓட்டை தேவை, அது ஏற்கனவே போட்டாச்சு. குறை என்னெண்டால் இஞ்சத்தைய ஹார்ட்வெயார் கடையளில இது லேசில கிடைக்காது, கொழும்பிலயோ ஒன்லைனிலயோ எடுக்க வேணும், சாமான் வரும் வரைக்கும் கார் முற்றத்தில நிக்கும்.

ஓட்டை நடுவில விழ வேணும் எண்டது தான் இதில எல்லாம். முறிஞ்ச முகம் மேடும் பள்ளமுமா இருக்கும், அரம் போகுமெண்டால் மட்டமா அராவிப்போட்டு சென்ரர் பஞ்ச் அடியுங்கோ. அரம் போகாத குழியெண்டால் ஒரு நல்ல வேலை இருக்கு: அந்தப் போல்ற் பிடிச்சுக்கொண்டிருந்த பாகத்தையே, பிறக்கற்றோ மூடியோ எதுவோ, மற்றப் போல்ற்றுகளால திருப்பிப் பூட்டிப்போட்டு, அதின்ர ஓட்டைக்குள்ள இறுக்கமாப் போற மாதிரி நடுவில மூண்டு மில்லி துளை வைச்ச ஒரு புஷ் லேத்தில கடைஞ்சு வாங்குங்கோ. சின்ன வேலை, லேத்காரர் பேசிக்கொண்டிருக்கேக்கயே கடைஞ்சு தந்திருவினம். பிற் பிறகு நினைச்சாலும் நடுவை விட்டு விலக ஏலாது. அலுமினிய ஹெட்டில இந்த புஷ் இல்லாமல் வெறுங்கையால ட்றில் பிடிக்கிறவையைப் பாக்க எனக்கு நெஞ்சு பதறும்.

ஈஸி அவுட்டை நான் முழுக்கக் கெட்டது எண்டு சொல்லேல்லை. துண்டு லேசா நிக்குது, ஆனால் இடம்புரி பிற் கைக்கு வரேல்லை எண்டால் அது வேலை செய்யும். பிரச்சினை அந்தச் சுருள் சுருளா கூம்பு மாதிரி இருக்கிற வகை. அது உள்ளுக்க இறங்க இறங்க ஆப்பு மாதிரி துண்டை அகட்டும், ஏற்கனவே இறுகி நிக்கிறது இன்னும் சுவரோட இறுகும். அதோட அது நல்லா வைரம் ஏத்தின உருக்கு, வளையாது, ஒரு பக்கமாச் சரிச்சுத் திருப்பினால் கண்ணாடி உடையிற மாதிரி 'டக்' எண்டு முறியும். அது முறிஞ்சு உள்ளுக்க நிண்டால் கடையில வாங்கிற சாதாரண ட்றில் பிற் அதைச் சுரண்டக் கூட மாட்டுது, கார்பைட் பிற் வேணும், இல்லாட்டி ஹெட்டைக் கழட்டி மின்பொறியால அரிச்செடுக்கிற மெசின் இருக்கிற இடம் தேட வேணும். அரை நாள் வேலை எஞ்சின் இறக்கிற வேலையா மாறுறது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில தான். வாங்கிறதெண்டால் நேரான, பக்கம் பக்கமா வரி உள்ள வகையைப் பாருங்கோ, அது அவ்வளவுக்கு அகட்டாது.

இனி நட்டு வெல்டிங், அதாவது முறிஞ்ச துண்டுக்கு மேல ஒரு நட்டை வெல்ட் பண்ணி ஸ்பனரால கழட்டுறது. கழட்டேக்க முறிஞ்ச, துரு ஏறின துண்டுக்கு இதை வெல்ல எதுவும் இல்லை எண்டது என்ர கருத்து. கனபேர் இதை ஒரு பிடி ஒட்டுற வேலை எண்டு நினைக்கினம், பிடி பாதி தான், மற்றப் பாதி சூடு. வெல்ட் பண்ணேக்க துண்டு சிவக்கச் சூடாகி விரியப் பாக்கும், சுவர் விடாது, இடையில நிக்கிற துரு நசிஞ்சு உடையும், பிறகு ஆறேக்க துண்டு சுருங்கி பிடி விட்டுப் போகும். ஈஸி அவுட் செய்யிறதுக்கு நேர் எதிர்.

பக்கத்து வீட்டு அண்ணையின்ர கொரோலாவில எக்ஸோஸ்ற் மனிபோல்ற் ஸ்ரட் ஒண்டு மட்டத்தோட முறிஞ்சு நிண்டது. இன்வேர்ட்டர் வெல்டிங் மெசின் வைச்சிருக்கிற தம்பி ஒராள் மோட்டார் சைக்கிளில பின்னுக்குக் கட்டிக்கொண்டு வந்தவர். முதல்ல நட்டு வைக்கேல்லை, துண்டின்ர நடுவில ஒரு பொட்டு, அது கறுத்ததும் அதுக்கு மேல இன்னொரு பொட்டு, இப்பிடி ஒரு சின்னக் குமிழ் மட்டத்துக்கு மேல எழும்பி வரும் வரைக்கும். அலுமினியத்தில இரும்பு வெல்ட் ஒட்டாது எண்ட தைரியத்தில தான் இப்பிடிச் செய்யலாம். பிறகு ஒரு சைஸ் பெரிய நட்டை அதுக்கு மேல வைச்சு உள்ளால நிரப்பினவர். அண்ணை உடன ஸ்பனரைத் தூக்க, "அண்ணை, கை வைக்கலாம் போல ஆறட்டும், தண்ணி கிண்ணி ஊத்தாதேங்கோ" எண்டு தடுத்துப்போட்டு ஒரு தேத்தண்ணி குடிச்சார். ரிங் ஸ்பனர் போட்டு முதல்ல இறுக்கிற பக்கம் ஒரு மயிரிழை, பிறகு கழட்டுற பக்கம், திருப்பி இறுக்கிற பக்கம். கீச்செண்டு ஒரு சத்தம், மரையோரத்தில செம்பழுப்புத் தூள், அதுக்குப் பிறகு விரலால கழட்டலாம் போல வந்தது. முதல் நட்டு கழண்டு வாறதும் வழமை தான், திரும்பவும் வைச்சு வெல்ட் பண்ணினால் ஒவ்வொருக்காவும் சூடு ஏறுறதால அடுத்த தரம் இன்னும் லேசு.

ஆனால் வீட்டில வெல்டிங் எண்டால் கவனிக்க வேண்டியது கன இருக்கு. பற்றரியின்ர ரெண்டு வயரும் கழட்டோணும், ஈசியூ (எஞ்சினின்ர கொம்பியூட்டர்) பிளக்கையும் கழட்டினால் நல்லம், ஏர்த் கிளிப்பை வேலை நடக்கிற ஹெட்டிலயே போடோணும், எங்கயோ வாகனத்தின்ர பொடியில கொழுவினால் கரண்ட் பெயாரிங், சென்சர் எல்லாத்துக்காலயும் போகும். பெற்றோல் குழாய் கிட்ட இருந்தால் இந்தக் கதையே வேண்டாம். ஈரச்சாக்கு ஒண்டு கைக்கெட்ட இருக்கட்டும். ஏ40 மாதிரி வார்ப்பிரும்பு ஹெட்டில துண்டு உள்ளுக்க ஆழமா நிண்டால் பொட்டு வைச்சு எழுப்பிற வேலை சரிவராது, சுவரோட சேர்த்து ஒட்டிக்கொள்ளும். மட்டத்தில நிண்டால் நட்டை நேராக வைச்சுச் செய்யலாம்.

மேல சொன்ன ஒண்டும் சரிவராட்டி இருக்கிறது முழுக்க ட்றில் பண்ணி எடுக்கிறது. எம்6 (ஆறு மில்லி மொத்தம்) போல்ற்றுக்கு 5 மில்லி, எம்8 க்கு 6.8 மில்லி வரைக்கும் படிப்படியாப் பெருப்பிச்சால் மரையில ஒட்டிக்கொண்டு மெல்லிய கம்பிச்சுருள் மட்டும் மிஞ்சும், ஊசி மாதிரி ஒண்டால நுனியைக் கிளப்பி குறட்டால இழுத்தால் சுருள் சுருளா வரும், பிறகு மரை வெட்டுற ராப்பை ஒருக்கா விட்டுத் துப்புரவாக்கினால் பழைய மரையே மிஞ்சும். ஓட்டை நடுவை விட்டு விலகி மரை போச்செண்டால் ஹெலிகொயில், அதாவது ஓட்டையைப் பெருப்பிச்சு உள்ளுக்க பூட்டுற கம்பிச்சுருள் மரை. அதின்ர கிட்டில பிற், ராப், கம்பிச்சுருள் எல்லாம் சேர்ந்து வரும், பூட்டினாப் பிறகு அலுமினியத்தில இருந்த பழைய மரையை விடப் பலம் கூட, அதாலை இதை ஒரு ஒட்டு வேலை எண்டு குறைச்சு நினைக்கத் தேவையில்லை. அலுமினியத்துக்கு ராப் விடேக்க மண்ணெண்ணெய் விட்டால் வடிவா வெட்டும், ராப்பின்ர வரிக்குள்ள கிறீஸ் பூசினால் தூள் எஞ்சினுக்குள்ள விழாமல் அதிலயே ஒட்டும். சில கராஜில எம்8 போச்செண்டால் கேக்காமல் கொள்ளாமல் எம்10 ஆக்கி விடுவினம், அடுத்த தரம் அந்தப் பாகத்தைப் புதுசா வாங்கேக்க தான் ஓட்டை பொருந்தாமல் நிக்கும்.

அப்ப என்ர வரிசை இது தான்: இறுக்கேக்க முறிஞ்சதெண்டால் இடம்புரி பிற், துரு ஏறி முறிஞ்சதெண்டால் வெல்டிங்கார ஆளைக் கூப்பிடுறது, பெற்றோல் கிட்ட இருக்கு, ஆள் இல்லை எண்டால் புஷ் கடைஞ்சு ட்றில், மரை போனால் ஹெலிகொயில். ஈஸி அவுட் லாச்சிக்குள்ள கிடக்கட்டும். சிலிண்டர் ஹெட் போல்ற் முறிஞ்சால் மட்டும் வீட்டில தொடாதேங்கோ, ஹெட்டைக் கழட்டத் தான் வேணும், அதுக்கு மேல கனக்க எஞ்சினுகளில அந்தப் போல்ற் ஒருக்கா இறுக்கினால் நீளுற வகை, திருப்பிப் போட ஏலாது, முழுச் செற்றும் புதுசு வேணும்.

புதுசு பூட்டேக்க பழைய துண்டைக் கையோட கொண்டு போய்க் கடையில மரை பாத்து வாங்குங்கோ, ஏ40 காரர் முக்கியமா. அஞ்சில பதினாறு இஞ்சி போல்ற்றும் எம்8 உம் கண்ணுக்கு ஒரே மொத்தம் தான், மரை வேற, ரெண்டு சுத்துப் போய் இறுகினாப் போல ஸ்பனரால அமத்தினால் திருப்பியும் முதல்ல இருந்து தான். சைலன்சர் பக்கம் எண்டால் மரையில கொப்பர் கிறீஸ் கொஞ்சம் பூசுங்கோ, எம்6 க்கு 10 நியூட்டன் மீற்றர், எம்8 க்கு 25 கிட்ட எண்டது 8.8 எண்டு தலையில அடிச்சிருக்கிற போல்ற்றுக்குப் பொதுவான கணக்கு, கிறீஸ் பூசினால் அதிலயும் கொஞ்சம் குறைக்க வேணும், கம்பனிக்காரர் குடுத்த அளவு கையில இருந்தால் அதைத் தான் பாக்க வேணும்.