கே.கே. நகரில் ஒற்றையறை வீடு: குடியிருந்து கண்டவை

மதுரையில் கே.கே. நகர்ப் பக்கம் வாடகை ஏறியதற்கு, 2004-இல் உலகனேரியில் உயர் நீதிமன்றக் கிளை தொடங்கப்பட்டதும், மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையமும் பெரிய மருத்துவமனைகளும் அருகிலேயே இருப்பதும் முக்கியக் காரணங்கள். ஓர் அறை, சமையல் மேடை, குளியலறை, அவ்வளவுதான். தரகர்கள் ‘ஒன் ஆர்கே’ என்று சொல்லும் இத்தகைய வீட்டுக்கு நான் மாதம் 9,500 ரூபாய் கொடுத்து வருகிறேன். புறநகரில் இதே தொகைக்குத் தனிப் படுக்கையறையுள்ள வீடு கிடைக்கும். நீதிமன்றத்துக்குச் சில நிமிடங்களில் போய்விடலாம் என்பதற்காகவே இங்கே தங்கியிருக்கிறேன்.

வீடு பார்க்க வருபவர்கள் வாடகையைப் பேசுகிறார்களே தவிர மின் இணைப்பைப் பற்றிக் கேட்பதில்லை. ஆனால் மாதச் செலவைத் தீர்மானிப்பது அதுதான். எங்கள் மாடியில் நான்கு வீடுகளுக்கும் சேர்த்து மின்வாரியத்தின் ஒரே இணைப்பு. வீட்டுக்கொரு சப் மீட்டர். இரு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் 100 இலவச யூனிட், தனித்தனி இணைப்பு இருந்தால் ஒவ்வொருவருக்கும் கிடைத்திருக்கும். இங்கே நால்வருக்கும் சேர்த்தே ஒரு நூறுதான். அதோடு, மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், தாண்டாதவர்களுக்கு 101 முதல் 200 யூனிட் வரை உள்ள குறைந்த கட்டணமும் பறிபோய், 101-ஆவது யூனிட்டிலிருந்தே மேல்விலை விழுகிறது. நான்கு வீட்டிலும் ஏசி ஓடும் கோடையில் அந்த எல்லையைத் தாண்டாமல் இருப்பது நடக்காத காரியம். தனி இணைப்புள்ள வீட்டுக்கு ஐந்நூறு ரூபாய் கூட வாடகை கேட்டாலும் கொடுப்பதே லாபம் என்பது என் கணக்கு.

ஏசி இல்லாமல் சமாளிக்கலாமா என்றால், மொட்டை மாடிக்கு நேர் கீழே, மேற்கு பார்த்த சுவருள்ள அறையில் முடியாது. பகல் முழுதும் வெயிலைக் குடித்த தளம் நள்ளிரவு வரை அனலைக் கக்கிக்கொண்டிருக்கும். எனவே, வீடு பார்க்க மாலை நான்கு மணிக்குப் போவது நல்லது. காலையில் எல்லா அறையும் குளுகுளுவென்றுதான் இருக்கும்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு என்பதால் குடிக்கக் கேன் தண்ணீர்தான். மாலையில் வண்டியூர்க் கண்மாய்ப் பக்கம் நடக்க முடிவது இந்த வட்டாரத்தின் தனிச்சிறப்பு. சித்திரைத் திருவிழாவுக்கு ஊரிலிருந்து வரும் உறவினர்களை இந்த ஓரறையில் எப்படிப் படுக்க வைப்பது என்பதற்கு மட்டும் இன்றுவரை விடை கிடைக்கவில்லை.

அட்வான்ஸாகப் பத்து மாத வாடகை கேட்டார்கள். பேசி ஆறு மாதத்துக்குக் குறைத்தேன். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றாலும், இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் அது செல்லும் என்ற விலக்கையும் வைத்திருப்பதால், கையெழுத்திடுவதற்கு முன் பேசுவதே பேச்சு. ‘காலி செய்யும்போது பெயிண்ட் செலவுக்கு ஒரு மாத வாடகை பிடித்தம்’ என்ற வரியையும் அப்போதே அடிக்கச் சொல்ல வேண்டும். வெள்ளையடிப்பதை அதே சட்டத்தின் அட்டவணை வீட்டு உரிமையாளரின் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. அதைக் காட்டிய பிறகே என் ஒப்பந்தத்தில் அந்த வரி நீக்கப்பட்டது.